வெள்ளிக்கிழமை ஓடிய மெஷின்கள்

“ஏம்மா, எல்லாருக்கும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையே வருது. நமக்கு மட்டும் ஏன் வெள்ளிக்கிழமை வருது?”

மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பின் கேட் அருகே நின்று ஒரு சின்னப் பெண் ஒருநாள் இப்படிக் கேட்டாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்த வயது. பதில் தெரியாத கேள்விக்குப் பெரியவர்கள் சிரிப்பதுதான் வழக்கம். அவளுடைய அம்மாவும் சிரித்துவிட்டு வேலைக்கு உள்ளே போய்விட்டாள். ஆனால் குழந்தை கேட்ட கேள்வியைக் கடவுள் கீழே விழ விடுவதில்லை. அது யார் காதிலோ போய்த் தங்கிவிடுகிறது. சில வருஷம் கழித்து, அந்தக் குழந்தையை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு மனிதனின் பிழைப்பையும் காப்பாற்றிக் கொடுக்கிறது.

அந்த மனிதன் பெயர் வேலு. இந்த வெள்ளிக்கிழமை காலை அவனுக்கு இதெல்லாம் தெரியாது. அவனிடம் இருந்ததெல்லாம் கோபம் மட்டும்தான்.

“அந்தாளு சட்டையைப் புடிச்சு நடு ரோட்ல இழுக்கணும் மேடம். அதுக்கு எனக்கு ஒரு ஆதாரம் வேணும். அவ்ளோதான்.”

வேலூரில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த ‘ஹேமலதா துப்பறியும் நிலைய’த்தின் பிளாஸ்டிக் நாற்காலி அவன் கோபத்தில் கிறீச்சிட்டது. ஹேமலதா தண்ணீர் செம்பை அவன் பக்கம் நகர்த்தினாள். மாப்பிள்ளை விசாரிப்பதுதான் அவளுக்குப் பெரும்பாலும் வரும் வேலை. வரித்துறை நோட்டீஸோடு வந்த முதல் ஆள் வேலுதான்.

“நாற்காலி கவர்ன்மென்ட் சொத்து இல்லப்பா, மேடம் சொத்து. மெதுவா கோவப்படு” என்றார் ஜன்னலோரம் நின்றிருந்த ஜியாவுதீன். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஹேமலதாவின் உதவியாளர். டிக்கெட் கிழிக்கும் வேலை போன பிறகு ஆட்களைக் கிழிக்கும் வேலை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஹேமலதா நோட்டீஸைப் படித்தாள்.

ஆம்பூரில் வேலு பதினாறு மெஷின் போட்டுத் தையல் யூனிட் நடத்துகிறான். ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுப்பது தொழில். தோலைக் கம்பெனிகளே கொடுத்துவிடும். தையல் கூலி மட்டும் இவனுக்கு. ஒரு துண்டுத் தோலைக்கூட அவன் விலைக்கு விற்றதில்லை. ஆனால் நோட்டீஸ் வேறு கதை சொன்னது. அவன் பெயரில், அவன் பதிவு எண்ணில், லாரி லாரியாகத் தோல் வெளி மாநில வியாபாரிகளுக்குப் போயிருக்கிறது. லாரியோடு போக வேண்டிய இ-வே பில் ஒவ்வொன்றுக்கும் இருக்கிறது. அவன் தாக்கல் செய்த ரிட்டர்னில் அந்த விற்பனை எதுவுமே இல்லை. இந்த வித்தியாசத்துக்கு இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். தவறினால் வரி, அபராதம், வங்கிக் கணக்கு முடக்கம்.

“கணக்கை முடக்கிட்டா சனிக்கிழமை கூலி போட முடியாது மேடம். அத்தனையும் பொம்பளைங்க. ஒருத்தி வீட்டுக்காரன் படுத்த படுக்கை. இன்னொருத்தி புள்ளைக்கு ஃபீஸ் கட்டணும். இந்த வாரம் கூலி இல்லன்னா அடுத்த வாரம் வேற யூனிட்டுக்குப் போய்டுவாங்க. அப்புறம் மெஷினு இருக்கும், நான் இருப்பேன். தைக்கிறதுக்குத்தான் ஆள் இருக்காது.”

“சரக்கு ஏத்துன இடம்னு ஒரு விலாசம் போட்டிருக்கே” என்றாள் ஹேமலதா.

“அதைத்தான் சொல்றேன். லியாகத் அலி தோல் ஷாப், மேல்விஷாரம். அந்தாளு கேட்லருந்துதான் எல்லா லோடும் ஏறியிருக்கு. அவரு சரக்கை என் பேர்ல வித்துட்டு வரியை என் தலையில கட்டிட்டாரு.”

“உங்களுக்கும் அவருக்கும் பழக்கம் உண்டா?”

வேலு ஒரு கணம் தயங்கினான். “யூனிட் ஆரம்பிச்ச புதுசுல வேலை கேட்டுப் போனேன். நான் தைச்ச சாம்பிளைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ‘இன்னும் கை பழகணும்ப்பா’ன்னு அனுப்பிட்டாரு. அவ்ளோதான் பழக்கம்.”

அது சின்ன வார்த்தைதான். ஆனால் தோலில் ஊசி குத்திய ஓட்டை மறுபடி மூடாது. துணிபோல் அல்ல அது. வேலுவின் மனதிலும் அந்த ஓட்டை அப்படியே இருந்தது. யார் நூல் கோத்துக் கொடுத்தாலும் உடனே நுழையும்படி.

“இது ரெண்டாவது நோட்டீஸ்னு போட்டிருக்கு. முதல் நோட்டீஸ் எங்க?”

“அது எனக்கு வரவேயில்ல மேடம். இது ஆபீஸ் ஆளே நேர்ல வந்து குடுத்துட்டுப் போனாரு.”

ஹேமலதா தலையை மட்டும் அசைத்தாள். அந்த நேரத்தில் வேலுவின் போன் அடித்தது. அவன் முகம் கொஞ்சம் இளகியது. “ஆடிட்டர் சார்தான். சூரியபிரகாஷ். என் கணக்கெல்லாம் அவருதான் பாக்கறாரு. பேசறீங்களா?” என்று ஸ்பீக்கரில் போட்டான்.

“மேடம், வேலு எனக்குத் தம்பி மாதிரி” என்றது போனில் ஒரு மென்மையான குரல். “நான் ஒண்ணு கண்டுபுடிச்சேன், அவர்கிட்ட சொல்லியிருக்கேன். அந்த இ-வே பில் தேதியெல்லாம் பாருங்க. ஒண்ணுகூட வெள்ளிக்கிழமை கிடையாது. ஆம்பூர்ல வேலு யூனிட்டுக்கு ஞாயிறு லீவு. வெள்ளிக்கிழமை எந்த ஷாப்புக்கு லீவு? லியாகத் அலி ஷாப்புக்கு. யாரு பில் போட்டாங்கன்னு இதுக்கு மேல ஜோசியமா பாக்கணும்?”

“அவரை உங்களுக்குத் தெரியுமா சார்?” என்று கேட்டாள் ஹேமலதா.

“கேள்விப்பட்டதுதான். நேர்ல பாத்ததுகூட இல்ல. பெரிய ஆளு மேடம், மோதறது கஷ்டம். பாதித் தொகையைக் கட்டிட்டு சமாதானமா போய்டலாம்னுதான் நான் வேலுகிட்ட சொல்றேன். எதுக்கும் இன்னிக்கே போய்ப் பாருங்க. வெள்ளிக்கிழமை, பூட்டியிருக்கும். வாட்ச்மேன்கிட்ட நிம்மதியா விசாரிக்கலாம்.”

போன் வைக்கப்பட்டதும் ஜியாவுதீன் தொண்டையைச் செருமினார்.

“வெள்ளிக்கிழமைன்னா பாய். சரி. ஞாயித்துக்கிழமைன்னா பாதிரியாரைப் புடிப்பீங்க. செவ்வாய்க்கிழமைன்னா யாரு, முருகனையா?”

வேலு முறைத்தான். “நான் உங்களைச் சொல்லல பாய்.”

“என்னைச் சொல்லலப்பா. என் வெள்ளிக்கிழமையைச் சொல்ற.” அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பில் சர்க்கரை கம்மியாக இருந்தது.

“கிளம்பலாம்” என்றாள் ஹேமலதா. “பாய், நம்ம தட்டுல யாராவது துப்பு கொண்டுவந்து பரிமாறினா, முதல்ல உப்பு போட்டது யாருன்னு பாக்கணும்.”

ஹேமலதாவின் பழைய காரில் அவள்தான் ஓட்டினாள். ஜியாவுதீன் பின்சீட்டில் உட்கார்ந்து, “ரைட், போலாம்” என்று கதவைத் தட்டினார். முன்னால் வேலு, பல்லைக் கடித்தபடி. பேசினால் கெட்ட வார்த்தைதான் வரும், பக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள்.

மேல்விஷாரத்துக் கடைவீதியைத் தாண்டி, பாலாற்றுப் பக்கம் திரும்பும் சந்தில் தோல் வாசனை காருக்குள் வந்தது. ஷாப்பின் மதில் தெரிந்ததும் ஹேமலதா காரை நிறுத்தினாள்.

கேட் திறந்திருந்தது.

உள்ளே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பதமான தோல்களை டிரம்மில் போட்டுச் சுற்றும் ‘தொம் தொம்’ சத்தம் தெருவரை கேட்டது. டிபன் பையோடு சில பெண்கள் நின்றிருந்தார்கள். ஒரு மினி வேன் லோடு ஏற்றிக்கொண்டு வெளியே வந்தது.

“வெள்ளிக்கிழமைதானே இன்னிக்கு?” என்றாள் ஹேமலதா.

“குளிச்சு அத்தர் பூசி நிக்கறேன், இன்னும் சந்தேகமா?” என்றார் ஜியாவுதீன்.

வேலு மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில் மதிலில் பதித்திருந்த போர்டையே பார்த்தான். ‘லியாகத் அலி தோல் ஷாப்’ என்ற பெயரின் மேல் யாரோ கறுப்பு மையை ஊற்றியிருந்தார்கள். மை வழிந்து காய்ந்து, கீழே இருந்த ‘வார விடுமுறை: வெள்ளி’ என்ற வரியைத் தொட்டு நின்றிருந்தது.

ஜியாவுதீன் கிட்டப்போய் விரலால் சுரண்டினார். “பெயின்ட் இல்ல மேடம். ஷூ ஓரத்துக்கு அடிக்கிற மை.” சொல்லிவிட்டு வேலுவின் நகக்கண்களை ஒருதரம் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

வேலு கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான். சூரியபிரகாஷ் விஷயத்தைச் சொன்னதற்கு மறுநாள் விடியற்காலையில், ஷிப்ட் தொடங்கும் முன், ஆம்பூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து அவன் செய்த வேலை அது. யாரும் பார்க்கவில்லை. தையல் தொழிலுக்கு வருமுன் கடை போர்டு எழுதிப் பிழைத்தவன் அவன். ஒரு போர்டில் எழுத்து எழுத எத்தனை நேரமாகும் என்று அவனுக்குத் தெரியும். அதை அழிக்க ஒரு நிமிஷம் போதும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டான்.

டிபன் பையோடு நின்றவர்களில் ஒருத்தியிடம் ஹேமலதா பேச்சுக் கொடுத்தாள். அவள் பெயர் மரியம்மாள். தோலின் ஓரங்களை வெட்டிச் சீராக்கும் பிரிவில் வேலை.

“இன்னிக்கு லீவு இல்லீங்களா?”

“லீவா? யாரு சொன்னா? ஞாயித்துக்கிழமைதான் லீவு. கொரோனா முடிஞ்சு ஷாப்பைத் தொறந்ததுலருந்து அப்படித்தான்.”

“போர்டுல வெள்ளின்னு போட்டிருக்கே?”

“அதா? பெயின்டர் வரேன் வரேன்னு சொல்றான், வரமாட்டேன்றான். எங்களுக்குத்தான் தெரியுமே, போர்டைப் பாத்தா வேலைக்கு வர்றோம்? இப்ப எவனோ படுபாவி அதுலயும் மையை ஊத்திட்டுப் போய்ட்டான். வாட்ச்மேன் போலீசுக்குப் போலாம்னான். பாய்தான், ‘எந்த வயித்தெரிச்சலோ, விடு’ன்னுட்டாரு.”

வேலு தரையைப் பார்த்தான்.

“ஏம்மா லீவு நாளை மாத்துனாரு?”

மரியம்மாள் வெட்கத்தோடு சிரித்தாள். “எல்லாம் என் பொண்ணு நிஷா பண்ணது. அப்ப சின்னக் கழுதை. ஸ்கூலுக்கு ஞாயிறு லீவு, எனக்கு வெள்ளி லீவு. ஞாயித்துக்கிழமை பாத்துக்க ஆள் இல்லாம இங்கயே கூட்டியாந்து விட்டேன். கேட்ல நின்னுக்கிட்டு, எல்லாருக்கும் ஞாயிறு ஞாயித்துக்கிழமையே வருது, நமக்கு மட்டும் ஏன் வெள்ளிக்கிழமை வருதுன்னு கேட்டா. பாய் அப்பதான் கார்லருந்து எறங்கறாரு. காதுல வாங்கிட்டாரு போல. அப்புறம் கொரோனால மூடிட்டாங்க. மறுபடி தொறந்த அன்னிக்கு எல்லாரையும் கூப்ட்டு சொன்னாரு, ‘எனக்குத் தொழுகைக்கு ரெண்டு மணி நேரம் போதும். புள்ளைங்களுக்கு அம்மா ஒரு நாள் பூரா வேணும். இனிமே ஞாயிறு லீவு’ன்னு. ஊர்ல சில பேரு அவரைக் கேட்டாங்களாம். ‘நான் ஜும்மாவை விடலையே, மெஷினைத்தானே ஓடவிட்டேன்’னு சொல்லிட்டாராம். அதுலருந்துதான் நான் ஞாயித்துக்கிழமை மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போறேன்.”

ஹேமலதா நோட்டீஸை வெளியே எடுத்தாள். ஜியாவுதீன் போனில் காலண்டரைத் திறந்தார். பில் தேதிகளை அவள் படிக்க, கிழமையை அவர் சொன்னார்.

“செவ்வாய்... புதன்... ஞாயிறு. வியாழன்... ஞாயிறு. மறுபடி ஞாயிறு.” அவர் போனை மூடினார். “மேடம், பூட்டின கேட்டுக்குள்ளருந்து லோடு ஏறியிருக்கு. டிரைவர் லாரியோட மதில் ஏறிக் குதிச்சிருக்கான்.”

“லோடும் இல்ல, லாரியும் இல்ல” என்றாள் ஹேமலதா. “காகிதம்தான் போயிருக்கு. எவனோ ரூமுக்குள்ள உக்காந்து பில் அடிச்சிருக்கான். நிஜம் மாதிரி இருக்கணும்னு, ஷாப் லீவு நாளை மட்டும் கவனமா விட்டிருக்கான். ஆனா அவன் விட்டது பழைய லீவு நாள். அப்படின்னா, அவனுக்கு இந்த ஷாப்பை நல்லாத் தெரியும். கொரோனாவுக்கு முன்னாடி வரைக்கும்.”

வேலுவுக்குக் காதுக்குள் டிரம் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை நாள் ஊட்டி வளர்த்த கோபம் திடீரென்று நிற்க இடமில்லாமல் தள்ளாடியது.

“வேலு, உங்க பேர்ல பில் எடுக்கணும்னா போனுக்கு ஒரு ஓடிபி வரணும். எப்பவாவது வந்திருக்கா?”

“இல்ல மேடம். அதெல்லாம் ஆடிட்டர் சாருக்குத்தான் போகும். பதிவு பண்றப்பவே அவரு நம்பரையும் மெயிலையும் குடுத்துட்டாரு. ‘உனக்கு எதுக்குப்பா பேஜாரு, நான் பாத்துக்கறேன்’னு...”

சொல்லும்போதே அவன் குரல் தேய்ந்து நின்றது.

“பஸ்ஸையும் குடுத்து, ஸ்டியரிங்கையும் குடுத்து, கடைசி சீட்ல தூங்கிட்டு வந்திருக்க” என்றார் ஜியாவுதீன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

“இல்ல பாய். யூனிட் பூஜைக்கு வந்து விளக்கேத்துனவரு அவரு. என் பொண்டாட்டி ஆஸ்பத்திரில இருந்தப்ப பழம் வாங்கிட்டு வந்தவரு. அவரு இல்ல.”

“முதல் நோட்டீஸ் யார் மெயிலுக்குப் போயிருக்கும்?” என்று மட்டும் கேட்டாள் ஹேமலதா.



லியாகத் அலி வெளியே வந்தார். தலையில் தொப்பி, கையில் கைக்குட்டை. தொழுகைக்குக் கிளம்பிய வேகம். ஹேமலதா சுருக்கமாகச் சொன்னதை நின்றபடியே கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்தது.

“என் அத்தா காலத்துலருந்து ஒரு காசு வரி பாக்கி வெச்சதில்லம்மா. என் கேட்டைக் காட்டி ஒருத்தன் திருடியிருக்கானா? ஞாயித்துக்கிழமை இங்க ஷாப் மூடியிருக்குன்னு எத்தனை பேப்பர்ல வேணும்னாலும் கையெழுத்து போடறேன்.” பிறகு வேலுவைப் பார்த்தார். “உன்னை எங்கயோ பாத்திருக்கேனே. ஆம்பூர்லருந்து சாம்பிள் கொண்டாந்தவன் இல்ல? கை பழகிடுச்சா?”

“பழகிடுச்சு பாய்” என்றான் வேலு. பாக்கெட்டுக்குள் அவன் விரல்கள் மடங்கின.

“பாய், தொழுகைக்கு ஒரு சீட் இருக்கா?” என்று ஜியாவுதீன் லியாகத் அலியோடு காரில் ஏறிக்கொண்டார். மெஷின்கள் நின்றன. பெண்கள் மர நிழலில் டிபனைப் பிரித்தார்கள். மரியம்மாள் தன் டிபன் மூடியில் புளிச்சோற்றை வைத்து வேலுவிடம் நீட்டினாள். “மூஞ்சு வாடியிருக்கு. சாப்டுங்கண்ணா.” படுபாவி என்று அவள் சொன்னது இவனைத்தான் என்று அவளுக்குத் தெரியாது. வேலு தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்து, மூடியைக் கழுவிக் கொடுத்தான்.

மதியம் மூவரும் வேலூரில் சூரியபிரகாஷின் அலுவலகத்துக்குப் போனார்கள். “நீங்க வாயைத் தொறக்கக் கூடாது” என்று காரிலேயே வேலுவிடம் சொல்லியிருந்தாள் ஹேமலதா.

சூரியபிரகாஷ் எழுந்து வந்து வரவேற்றார். நெற்றியில் விபூதி, மேஜையில் சாமி படங்கள், பழைய கம்ப்யூட்டர் ஒன்று. வேலுவின் தோளில் கைபோட்டு, “டீ சொல்லட்டுமா தம்பி?” என்றார்.

“ஒரு சின்னச் சிக்கல் சார்” என்றாள் ஹேமலதா. “லியாகத் அலி ஒரே பிடியா நிக்கறாரு. ஞாயித்துக்கிழமை அவர் ஷாப்புலருந்து லோடே போகாதாம். ஆனா பில்லுல பாதி ஞாயித்துக்கிழமைதான். அவர் சொல்றதை ஆபீசர் நம்பிட்டா வேலு கதை முடிஞ்சுது.”

“புளுகறாரு மேடம்” சூரியபிரகாஷ் நாற்காலியில் சாய்ந்தார். “வெள்ளிக்கிழமை நின்னுபோன வேலையெல்லாம் சேத்து வெச்சு ஞாயித்துக்கிழமைதான் லோடு ஜாஸ்தி ஏறும். வடக்குப் பக்கம் அந்த ஓட்டு ஷெட்ல நிக்க எடம் இருக்காது. வெயில்ல நின்னு ஒவ்வொரு கட்டா எண்ணி...”

அவர் நிறுத்திக்கொண்டார்.



“நேர்ல பாத்ததே இல்லன்னீங்க” என்றாள் ஹேமலதா. “வடக்குப் பக்கம் ஓட்டு ஷெட்டு வரைக்கும் கேள்விப்பட்டிருக்கீங்க.”

“ஊர்ல... யாரோ சொன்னாங்க.”

“வெயிலு எப்படி இருந்துச்சுன்னும் சொன்னாங்களா?” என்றார் ஜியாவுதீன். அவர் ஏற்கெனவே போனில் ஒரு எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டிருந்தார். “பாய், நான்தான். சூரியபிரகாஷ்னு யாராச்சும் உங்க ஷாப்புல இருந்தாங்களா?”

“நம்ம பிரகாஷா?” போனில் லியாகத் அலியின் குரல் மலர்ந்தது. “அக்கவுண்ட்ஸ்ல இருந்தான். லோடும் அவன்தான் எண்ணுவான். கொரோனா வர்றதுக்கு முன்னாடி சொந்தமா ஆபீஸ் போடறேன்னு போனான். நல்ல புள்ள. போறப்ப ஷாப்பு கம்ப்யூட்டர் ஒண்ணைத் தூக்கிக் குடுத்தேன், தொழிலுக்கு ஆகட்டும்னு. பக்கத்துலயா இருக்கான்? நல்லா இருக்கானா? அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் ஓடுதான்னு கேளுங்க.”

மேஜைமேல் கம்ப்யூட்டர் முணுமுணுத்து ஓடிக்கொண்டிருந்தது. சூரியபிரகாஷ் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றான்.

ஜியாவுதீன் மெதுவாகப் போனை அணைத்தார்.

“வரியைக் குறைச்சுக் காட்டறதுக்கு, சரக்கே இல்லாம வெறும் பில் வேணும்னு வெளியூர்க்காரங்க காசு குடுத்துக் கேட்டாங்க” என்றான் சூரியபிரகாஷ், தரையைப் பார்த்து. “வேலு பதிவு எண் சும்மாதானே இருந்துச்சு. பில்லுல ஒரு தோல் ஷாப்பு விலாசம் வேணும், எனக்குத் தெரிஞ்ச ஷாப்பு அது ஒண்ணுதான். இவ்ளோ பெருசா ஆகும்னு நினைக்கல. செட்டில் பண்ணிக்கலாம் தம்பி. நான் பாதி தர்றேன்.”

“தம்பியா?”

வேலு எழுந்தபோது நாற்காலி பின்னால் விழுந்தது. மேஜையைச் சுற்றி வந்து சூரியபிரகாஷின் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். “என் யூனிட் விளக்கை ஏத்துன கையிடா இது. பதினாறு பொம்பளைங்க சோத்துல கைய வெச்சுட்டு, பழியை அந்த மனுஷன் மேல போட்டு, என்னையே அவருக்கு எதிரா...” அவன் வலது கை ஓங்கியது. ஹேமலதா தடுக்கவில்லை. ஜியாவுதீனும் நகரவில்லை.

ஓங்கிய கையின் நகக்கண்ணில் கறுப்பு மை இருந்தது.

வேலு அதைப் பார்த்தான். எத்தனை சோப்பு போட்டும் போகாத மை. இதே கோபம்தான் அன்றும் இருந்தது. இதைப் போலவே நியாயமாகத்தான் தெரிந்தது. அவன் கையை இறக்கினான். சட்டையை விட்டான்.

“அடிக்கலையா?” என்றான் சூரியபிரகாஷ், கண்ணைத் திறந்து.

“போலீஸ் ஸ்டேஷனுக்கு நட” என்றான் வேலு. “உன்னைத் தொடறதுக்குக் கூட எனக்கு அருகதை இல்ல இன்னிக்கு.”

இதன் பொருள் சூரியபிரகாஷுக்குப் புரியவில்லை. ஜியாவுதீனுக்குப் புரிந்தது. அவர் கீழே விழுந்த நாற்காலியை எடுத்து நேராக வைத்தார்.

புகார் கொடுத்த கையோடு, அலுவலகம் மூடும் முன் ஹேமலதா வேலுவை வரித்துறைக்கு அழைத்துப்போனாள். பெண் அதிகாரி ஒருவர் புகாரின் நகலையும், லியாகத் அலி ஆள் மூலம் அனுப்பியிருந்த கடிதத்தையும், வேலுவின் பதிலையும் படித்தார். பதிவில் இருந்த போன் எண்ணைப் பார்த்துவிட்டு வேலுவை நிமிர்ந்து பார்த்தார். “வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்ல குடுப்பீங்க, சரி. வீட்டையேவா குடுப்பீங்க? முதல்ல இந்த நம்பரை மாத்துங்க.” விசாரணை முடியும்வரை கணக்கை முடக்க வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

சனிக்கிழமை மாலை ஆம்பூரில் பதினாறு பேரும் கூலி வாங்கிக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

ஹேமலதா தன் கூலியாக வாங்கியது பெட்ரோல் செலவு மட்டும். “மீதி?” என்று வேலு கேட்டபோது ஜியாவுதீன்தான் பதில் சொன்னார். “மீதி நீ வேற எடத்துல குடுக்கணும். எங்கன்னு உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் எதையும் பாக்கல.”

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் வேலு மேல்விஷாரத்தில் பஸ் இறங்கினான். கையில் ஒரு துணிப்பை.

தோல் ஷாப்பின் கேட் பூட்டியிருந்தது. டிரம் சத்தம் இல்லை. சந்தில் ஆள் இல்லை. காவல்காரர் உள்ளே பின்பக்கத்து மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தார். இந்நேரம் மரியம்மாள் பூசைக்குப் போயிருப்பாள், பக்கத்தில் நிஷா இருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

பையிலிருந்து தின்னரும் துணியும் எடுத்தான். மை லேசில் விடவில்லை. துடைக்கத் துடைக்க முதலில் பரவியது, பிறகு வெளுத்தது, பிறகு அடியிலிருந்து ‘லியாகத் அலி’ என்ற பெயர் மெல்ல வெளியே வந்தது. ஓரங்கள் மங்கியிருந்தன. பச்சை எனாமலில் பிரஷைத் தோய்த்து ஒவ்வொரு எழுத்தாகக் கூர்மை கொடுத்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கை நடுங்கவில்லை. பழகிய கை.

கீழ் வரிக்கு வந்தான். பிறகு ‘வெள்ளி’யை மட்டும் வெள்ளைப் பூச்சால் மூடி, காய விட்டு, அந்த இடத்தில் ‘ஞாயிறு’ என்று எழுதினான்.

போர்டு எழுதுகிறவர்கள் வலது ஓரத்தில் தங்கள் பெயரையும் போன் நம்பரையும் சின்னதாக எழுதிவிட்டுப் போவது வழக்கம். பிரஷ் தானாக அந்த ஓரத்துக்குப் போனது. வேலு அதைத் திருப்பி எடுத்து, துணியில் துடைத்து, பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான்.